எஃகுக் காசு யாருக்கும் வீடு கட்டித் தராது

1943ஆம் ஆண்டின் அமெரிக்க எஃகு ஒரு சென்ட் காசு கையில் இருந்தால் விடவே விடாதீர்கள், பத்து வருடத்தில் அது ஒரு வீட்டு மனையின் விலைக்குப் போகும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை சொன்னது. எழுதியவர் நாகர்கோவில் கோட்டாற்றுக்காரர். கடைவீதியில் வளர்ந்தவர், மொத்த வியாபாரத்தின் கணக்கு வழக்கு தெரிந்தவர். அவர் எழுதியதால்தான் ஊரில் பலர் நம்பினார்கள். அவர் எழுதியதால்தான் நானும் பதில் எழுதுகிறேன்.

அவர் வாதத்தைச் சுருக்காமல் சொல்லிவிடுகிறேன். போர் நடந்தது, செம்பு கிடைக்கவில்லை, அதனால் அமெரிக்கா ஒரே ஒரு வருடம் எஃகில் காசு அடித்தது, ஒரே வருடம் அடித்தது என்றால் அது அரிது, அரிது என்றால் விலை ஏறும். இது முதல் படி. அதே வருடத்துச் செம்புக் காசு ஒன்று பல கோடிக்கு விற்றிருக்கிறது, எஃகுக் காசும் அந்த வழியில்தான் போகிறது. இது இரண்டாவது. நாஞ்சில் நாட்டு வீடுகளில் கிடக்கும் ஓட்டைக் காலணாவும் திருவிதாங்கூர்க் காசும் அதே போர்க்காலத்தவை, ஆகவே அவையும் அதே மதிப்பு. இது மூன்றாவது. பிறகு, எல்லாவற்றையும் புளி போட்டு விளக்கிப் பளபளவென்று வைத்துக்கொள்ளுங்கள், வெளிநாட்டில் வாங்க ஆள் இருக்கிறது என்று அறிவுரை. இந்த மாளிகையில் ஒரு செங்கல்கூட நிற்காது.

முதலில் அந்த எஃகுக் காசையே எடுத்துக்கொள்வோம். 1943இல் அமெரிக்கா அடித்த எஃகு சென்ட்களின் எண்ணிக்கை ஒளிவுமறைவானது அல்ல. பிலடெல்பியா அக்கசாலை மட்டும் 68 கோடியே 46 லட்சம் அடித்தது. டென்வர் 21 கோடியே 76 லட்சம். சான் பிரான்சிஸ்கோ 19 கோடியே 15 லட்சம். மொத்தம் 109 கோடிக்கு மேல். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருந்த ஒவ்வொருவர் கையிலும், தொட்டிலில் கிடந்த குழந்தை உட்பட, பதினைந்து காசு வைக்கலாம். போர் முடிந்தபின் அமெரிக்க அரசு திரும்பப் பெற்று உருக்கியவை அதில் ஒரு பகுதிதான். மிச்சமெல்லாம் மேசை இழுப்பறைகளிலும் உண்டியல்களிலும் தங்கிவிட்டன. இன்றைக்கும் அமெரிக்காவில் தேய்ந்த எஃகு சென்ட் ஒன்று ஒரு டாலர்கூடப் பெறாது. குழந்தைகளுக்குச் சேகரிப்புப் பழக்கம் உண்டாக்க உறையில் போட்டுக் கொடுக்கும் காசு அது. கோட்டாற்றிலிருந்து அதை ஒருவருக்கு அனுப்பினால் தபால் செலவு காசின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவருக்கு இந்தக் கணக்கு ஏன் தோன்றவில்லை?

“ஒரே வருடம்” என்பதை அவர் திரும்பத் திரும்ப எழுதுகிறார். எத்தனை வருடம் அடித்தார்கள் என்பதைக் கொண்டு அருமையை அளக்க முடியாது. எத்தனை அடித்தார்கள், அதில் எத்தனை இன்று மிஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் மிஞ்சியிருக்கின்றன, அதை வாங்க எத்தனை பேர் நிற்கிறார்கள், இந்த நான்கும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. கட்டுரையில் இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட ஓர் எண் இல்லை. விலை மட்டும் இருக்கிறது, அதுவும் லட்சங்களில்.

இதற்கு அடியில் இன்னும் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. போர் என்றால் தட்டுப்பாடு, தட்டுப்பாடு என்றால் காசும் குறைவு என்று அவர் எடுத்துக்கொண்டார். நடந்தது நேர் எதிர். போர்க்காலத்தில் அரசாங்கங்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாகச் சில்லறை தேவைப்பட்டது. லட்சக்கணக்கான சிப்பாய்களுக்குச் சம்பளம், இரவு பகலாக ஓடும் ஆலைகளில் கூலி, விலைவாசி ஏற்றம், எல்லாம் சேர்ந்து கடைவீதியில் சில்லறையை உறிஞ்சின. துப்பாக்கிக் குண்டுக்கும் பீரங்கிக் குண்டின் உறைக்கும் செம்பு போய்விட்டதால், காசின் எண்ணிக்கை குறையக் கூடாது என்பதற்காகத்தான் உலோகத்தை மாற்றினார்கள். கனடா 1944லும் 45லும் குரோமியம் பூசிய எஃகில் ஐந்து சென்ட் அடித்தது. இத்தாலி துருப்பிடிக்காத எஃகில் லிரா அடித்தது. ஜெர்மனி துத்தநாகத்துக்குப் போனது. எல்லா இடத்திலும் நோக்கம் ஒன்றே: மலிவாக, ஏராளமாக. ஏராளமாக்குவதற்காகவே பிறந்த காசை அரிய காசு என்று சொல்வது, அந்தக் காசின் வரலாற்றையே தலைகீழாக எழுதுவது.

நம் நாட்டிலும் அதே கதைதான், நம் வீட்டுப் பெரியவர்கள் வாழ்ந்து பார்த்த கதை. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்த செய்தி வந்ததும் ஜனங்கள் வெள்ளி ரூபாயைப் பதுக்கத் தொடங்கினார்கள். நோட்டைக் கொடுத்து வெள்ளி வாங்கக் கஜானா வாசலில் கூட்டம். அந்த ஜூன் மாதமே, சொந்தத் தேவைக்கு மேல் வெள்ளி நாணயம் சேர்ப்பது குற்றம் என்று அரசு ஆணை போட்டது, அடுத்து ஒரு ரூபாய் நோட்டை இறக்கியது. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி இருந்த ரூபாய் அந்த வருடமே பாதி வெள்ளியானது. மீதிப் பாதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். பழைய வெள்ளி ரூபாய்கள் 1941 முதல் 1943 வரை படிப்படியாகச் செல்லாக் காசாயின. அப்படியும் சில்லறை போதாமல் லாகூரில் புதிதாக அக்கசாலை வைத்தார்கள், தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் இந்தியக் காசு அடித்து வரவழைத்தார்கள். 1943இல் நடுவில் துளை போட்ட காலணா வந்தது. அதற்கு முந்தைய காலணா ஐந்து கிராமுக்குச் சற்றே குறைவு. ஓட்டைக் காலணா இரண்டு கிராம். ஒரு காலணாவின் செம்பில் இரண்டுக்கு மேல் காலணா. துளையின் காரணம் அதுதான். அரைஞாண் கயிற்றில் கோத்துப் பிள்ளைகளுக்குக் கட்டிய அந்தக் காசைக் கோடிக்கணக்கில் அடித்துக் குவித்தார்கள். இன்றைக்கு அது சேகரிப்பாளரிடம் சில பத்து ரூபாய்க்குப் போகும். நல்ல நிலையில் இருந்தால் கொஞ்சம் கூடுதல்.

போர்க்காலம் என்ற ஒரே தகுதியால் விலை ஏறுமென்றால் மலேயாவிலிருந்து வந்த ஜப்பான் நோட்டு எவ்வளவு ஏறியிருக்க வேண்டும்? வாழைமரம் போட்ட அந்தப் பத்து டாலர் நோட்டு, மலேயாவில் தமிழர்கள் கூலியாக வாங்கிய நோட்டு, 1945 செப்டம்பரில் ஒரே நாளில் வெற்றுத் தாளானது. அதை நம்பி உழைத்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். எண்பது வருடம் கழித்தும் சாதாரண வாழை நோட்டுக்குப் பெரிய விலை கிடையாது, காரணம் அச்சடித்ததற்கு அளவில்லை. போரும் உண்டு, வயதும் உண்டு, சோகமும் உண்டு. விலை மட்டும் இல்லை.

இரண்டாவது படிக்கு வருவோம். 1943இன் செம்பு சென்ட். கட்டுரையில் உண்மையாக இருக்கும் ஒரே தகவல் இதுதான், அதையும் அவர் திரித்துப் பயன்படுத்தியிருக்கிறார். 1942இல் மிச்சப்பட்ட சில வெண்கல வில்லைகள் அக்கசாலையின் கொள்கலன்களில் சிக்கிக் கிடந்து, 1943இன் எஃகு வில்லைகளோடு தவறுதலாக அச்சில் விழுந்தன. அப்படிப் பிறந்த காசுகளில் இன்றுவரை அறியப்பட்டவை சில பத்துகளைத் தாண்டவில்லை. டென்வரில் அடித்தது ஒன்றே ஒன்றுதான் தெரிய வந்திருக்கிறது. அது 2010இல் 17 லட்சம் டாலருக்குக் கைமாறியது. மறுபக்கமாக 1944இல் மிச்ச எஃகு வில்லையில் தவறுதலாக அடித்த சென்ட்டும் மிகச் சிலவே, அவையும் பெரும் விலைக்குப் போகின்றன. இரண்டுமே தவறால் பிறந்தவை, அந்தத் தவறு மிகச் சில முறையே நடந்தது, அதனால்தான் அந்த விலை. அந்த விலையைக் காட்டி, சரியாக அடிக்கப்பட்ட 109 கோடிக் காசுக்கும் விலை கேட்பது என்ன நியாயம்? செம்புக் காசு ஏறியதற்குக் காரணமே எஃகுக் காசு மலையாகக் குவிந்திருந்ததுதான். ஒன்றின் அருமை மற்றொன்றின் மலிவை நிரூபிக்கிறது. அவர் அதையே சாட்சியாகக் கொண்டு எதிர்த் தீர்ப்பு எழுதினார்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டில் டான் லூட்ஸ் என்ற பதினாறு வயதுப் பையனுக்கு 1947இல் பள்ளி உணவகத்தில் சில்லறையாக ஒரு 1943 செம்பு சென்ட் கிடைத்தது. அந்தக் காலத்தில், அப்படியொரு காசைக் கொண்டுவருபவருக்கு ஹென்றி ஃபோர்டு புதுக் கார் கொடுக்கிறார் என்று ஒரு வதந்தி நாடெங்கும் ஓடியது. லூட்ஸ் ஃபோர்டு நிறுவனத்திடம் கேட்டார், பொய் என்று சொல்லிவிட்டார்கள். அரசுக் கருவூலத்துக்கு எழுதினார், 1943இல் அடித்ததெல்லாம் எஃகுதான் என்று பதில் வந்தது. அவர் காசைப் பத்திரமாக வைத்திருந்தார், அவ்வளவுதான். அவர் இறந்தபின் 2019 ஜனவரியில் அது 2 லட்சத்து 4 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அந்த மனிதரிடம் நான் மதிப்பது அவருடைய பொறுமையை. விளம்பரத்தை நம்பவில்லை, தரகரைத் தேடவில்லை, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டார். கட்டுரையாளர் பரப்புவது அந்தக் கார் வதந்தியின் இன்றைய வடிவம். அன்றைக்கு ஏமாந்தவர்களுக்குக் கார் கிடைக்காததோடு முடிந்தது. இன்றைக்குக் கைக்காசும் போகிறது.

செம்பு சென்ட் என்ற பெயரில் சந்தையில் சுற்றுபவற்றில் பெரும்பாலானவை போலி. எஃகுக் காசின் மேல் செம்பு முலாம் பூசியது ஒரு வகை. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும், கதை முடிந்தது. 1948இன் எட்டைச் செதுக்கி மூன்றாக்கியது இன்னொரு வகை. இதற்குக் காந்தம் போதாது, பூதக்கண்ணாடியும் அனுபவமும் வேண்டும். இதெல்லாம் நாணயச் சேகரிப்பில் நுழைபவர் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம். வாசகரை வாங்கச் சொல்லித் தூண்டிய கட்டுரையில் காந்தம் என்ற சொல்லே இல்லை.

எஃகுக் காசை நம் ஊரில் முதலீடாக வைத்திருக்கச் சொல்கிறாரே, அதைப் பற்றியும் பேச வேண்டும். அந்தக் காசு எப்படிச் செய்யப்பட்டது? முதலில் எஃகுத் தகட்டின் இரு பக்கமும் துத்தநாகம் பூசினார்கள், பிறகு தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டி எடுத்தார்கள். அதனால் காசின் முகத்திலும் முதுகிலும் முலாம் உண்டு, விளிம்பில் இல்லை. வெட்டுப்பட்ட விளிம்பில் எஃகு வெறுமையாகக் காற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கை வியர்வை பட்டாலே துரு ஏறும். புழக்கத்துக்கு வந்த சில மாதங்களிலேயே அமெரிக்கர்கள் இதைக் குறை சொன்னார்கள். பத்து சென்ட் என்று எண்ணி ஏமாந்ததும் தானியங்கி இயந்திரங்கள் அதைத் திருப்பித் துப்பியதும் சேர்ந்துகொள்ள, ஒரு வருடத்தோடு அந்த உலோகத்தைக் கைவிட்டார்கள். அவர் பெருமையாகச் சொல்லும் “ஒரே வருடம்” அந்தக் காசு தோற்றதன் அடையாளம்.

இப்போது கோட்டாற்றின் காற்றை நினைத்துப் பாருங்கள். தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழை. கடல் ஒன்றும் தூரத்தில் இல்லை. ஜன்னல் கம்பிக்கு வருடத்துக்கு ஒருமுறை வர்ணம் அடித்தாலும் துரு பூக்கிற ஊர் இது. இங்கே ஒரு எஃகுக் காசைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் பத்து வருடம் காத்திருந்தால் விளிம்பிலிருந்து உள்ளே அரித்துக்கொண்டு போகும். நாணயத்தின் நிலையை ஒன்று முதல் எழுபது வரை தரம் பிரிக்கும் முறை சேகரிப்பாளர்களிடம் உண்டு. எஃகு சென்ட்டில் விலை சொல்லும்படியாக இருப்பவை அந்த ஏணியின் உச்சிப் படிகளில் நிற்கும் சில மட்டுமே, அதாவது அச்சிலிருந்து விழுந்த நாளின் பளபளப்போடு, ஒரு கீறல், ஒரு புள்ளி இல்லாமல் இருப்பவை. அவை கட்டுப்படுத்திய ஈரப்பதத்தில், அடைத்த உறைக்குள் இருக்கின்றன. நாகர்கோவில் சந்திப்பில் ரயில் இறங்கி வருபவரின் பணப்பையில் அவை வராது.

விளக்கி வைக்கச் சொன்னதுதான் இதில் என் மனதை அதிகம் புண்படுத்தியது. வெண்கலக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கலாம், அது வீட்டின் முறை. காசை விளக்கக் கூடாது. செம்பிலும் வெண்கலத்திலும் எண்பது வருடம் படிந்த நிறம் அதன் சான்று. புளியின் அமிலம் அந்தப் படலத்தையும் அதனடியில் இருக்கும் நுண்ணிய எழுத்துகளையும் சேர்த்தே தின்னும். துத்தநாக முலாம் பூசிய எஃகில் புளி பட்டால் முலாமே கரையும். விளக்கிய காசைத் தேர்ந்த சேகரிப்பாளர் ஒரு பார்வையிலேயே ஒதுக்கிவிடுவார். அமெரிக்காவில் துருப்பிடித்த எஃகு சென்ட்களுக்குப் புதிதாகத் துத்தநாகம் பூசிப் பளபளவென்று விற்கும் வழக்கம் உண்டு. அதைச் சேகரிப்பாளர்கள் சேதப்பட்ட காசாகவே கருதுகிறார்கள். நம்மூரில் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு எத்தனை வீடுகளில் பாட்டியின் சுருக்குப்பைக் காசுகள் புளித் தண்ணீரில் மூழ்கினவோ! போன நிறம் திரும்பாது. இந்த அழிவுக்கு அவர் பொறுப்பேற்க வேண்டும்.

நாஞ்சில் நாட்டுக் காசுகளைப் பற்றி அவர் எழுதிய பகுதியில் ஒரு பிழை இருக்கிறது, அதை மட்டும் வைத்தே மொத்தக் கட்டுரையையும் தள்ளிவிடலாம். சங்கு முத்திரை போட்ட சித்திரைத் திருநாள் மகாராஜாவின் அரை ரூபாய் ஒன்றைப் பற்றிச் சொல்லும்போது, அதில் 1116 என்று வருடம் பொறித்திருப்பதால் அது தொள்ளாயிரம் வருடப் பழமை கொண்டது என்கிறார். அது கொல்லம் ஆண்டு. 1116 என்றால் ஆங்கில வருடம் 1940-41. நம் தாத்தாக்களின் நில ஆதாரங்கள் கொல்லம் ஆண்டில் எழுதப்பட்டவை. ஒரு காலத்தில் சிங்ஙம் முதல் கர்க்கடகம் வரை மாதம் எண்ணிய ஊர் இது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் ஆட்சிமுறையின் கீழும் அதன் வாரிசு மாநிலத்திலும் இருந்த மண்ணில் பிறந்த ஒருவர், தன் ஊர்க் காசின் தேதியைப் படிக்கத் தெரியாமல் பிறருக்கு விலை சொல்கிறார்.

திருவிதாங்கூர்க் காசு எதற்காகப் போற்றத்தக்கது என்பதை அவர் தொடவே இல்லை. பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய். இருபத்தெட்டு சக்கரம் கொண்ட அந்த ரூபாய் பக்கத்துச் சீமையில் செல்லாது. பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை சக்கரம். இந்த அரைச் சக்கர வித்தியாசத்தை மனக்கணக்கில் வைத்துக்கொண்டுதான் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கோட்டாற்று வியாபாரிகள் நெல்லும் துணியும் உப்பும் மாற்றினார்கள். ஒரே பெட்டியில் சங்குக் காசும் ராஜா தலைக் காசும் கலந்து கிடப்பது அதனால்தான். 1942இல் ரங்கூன் விழுந்து பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூர் முழுவதும் பட்டினி பரவியது. அந்த நாட்களில் சமஸ்தானத்தின் நெற்களஞ்சியமான நாஞ்சில் நாட்டிலிருந்து நெல் கொள்முதலாகிப் போனது. அரிசிக்கு ரேஷன் வந்தது. அந்த வருடங்களின் காசுகளைக் கையில் எடுக்கும்போது எனக்கு இதெல்லாம் நினைவுக்கு வருகிறது. ஒரு குடும்பம் அந்தக் காசை ஏன் செலவழிக்காமல் வைத்தது, யார் கொடுத்தது, எந்தப் பெட்டியில் எதனோடு சேர்ந்து இருந்தது என்று எழுதி வைத்தால் அது ஆவணம். முகம் தெரியாதவனிடம் ஒற்றைக் காசாகப் பிரித்து விற்றுவிட்டால் அந்த ஆவணம் செத்தது.

சேகரிப்பாளர்கள் நிஜமாகத் தேடும் இந்தியப் போர்க்காலக் காசு எதுவென்று கேட்டால், அவர் எழுதிய எதுவும் அல்ல. 1939இன் ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் அரிது. பழைய தரத்து வெள்ளியில் அடித்த கடைசி ரூபாய் அது, அடித்ததில் பெரும்பகுதி உருக்குலைக்குப் போய்விட்டது. அதற்குப் பின் வந்த பாதி வெள்ளி ரூபாய்கள் அடித்த எண்ணிக்கையில் ஏராளம், ஆனால் அவற்றுக்கும் ஒரு கதை உண்டு. போர்க்காலத்தில் இந்தியா அமெரிக்காவிடம் கடன்-குத்தகைத் திட்டத்தில் 22 கோடியே 60 லட்சம் அவுன்ஸ் வெள்ளி வாங்கியது. வெள்ளியாகவே திருப்பித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். சுதந்திரத்துக்குப் பின் அந்தப் பாதி வெள்ளிக் காசுகளைத் திரும்பப் பெற்று, கல்கத்தாவில் சுத்திகரித்து வெள்ளியைப் பிரித்து, 1950களில் கடனை அடைத்தார்கள். ஒரு காசு அரிதாவது இப்படித்தான்: உருக்குலையில், கடன் பத்திரத்தில், அரசாணையில். ஓட்டைக் காலணாவில்கூடச் சேகரிப்பாளர் பார்ப்பது வயதை அல்ல. கிரீடத்தின் வடிவம் எது, எந்த அக்கசாலையின் குறி, எழுத்து எவ்வளவு தெளிவு என்று பார்ப்பார். இதையெல்லாம் கற்றுக்கொள்வதில் கிடைக்கும் மகிழ்ச்சிக்காகத்தான் பெரும்பாலானவர்கள் சேகரிக்கிறார்கள். நானும் அப்படித்தான். என் பெட்டியில் இருக்கும் எஃகு சென்ட்டை எனக்கு மிகவும் பிடிக்கும், அதன் விலையை நான் யாரிடமும் உயர்த்திச் சொன்னதில்லை.

வெளிநாட்டில் வாங்க ஆள் இருக்கிறது என்ற வாக்கியத்தின் ஆபத்தை அவர் உணர்ந்தாரா தெரியாது. நம் வீடுகளில் அனந்தராயன் பணம், கலியன் பணம் போன்ற பழைய பொற்காசுகளும் சில இடங்களில் உண்டு. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த காசு தொல்பொருள். அதைத் தனியார் எவரும் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. மண்ணுக்குள் கிடைத்ததாக இருந்தால் 1878இன் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும், பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே போதும். கிணறு வெட்டும்போது கிடைத்த காசையும் விற்கலாம் என்று அச்சில் எழுதிய மனிதர் வாசகரைச் சிறை வாசலுக்கு அனுப்பிவைக்கிறார். இதை அறியாமை என்று விட்டுவிட நான் தயாராக இல்லை. பிறர் சொத்தைப் பற்றி எழுதுகிறவர் சட்டத்தைப் படித்திருக்க வேண்டும்.

கட்டுரையின் கடைசி வரியில் ஒரு கைபேசி எண் இருந்தது, பழங்காசு வாங்குபவருடையது என்று. எங்கள் தெருவில் ஓர் அம்மா அந்த எண்ணுக்குப் படம் அனுப்பினார். மாமியார் காலத்து டப்பாவில் இருந்த ஓட்டைக் காலணா, இரண்டு சக்கரம், பேரன் கொண்டுவந்த எஃகு சென்ட் ஒன்று. மூன்று லட்சம் தருவதாகப் பதில். பிறகு பதிவுக் கட்டணம் கேட்டார்கள், பிறகு வரி, பிறகு கூரியர் காப்பீடு. விதவைப் பென்ஷனில் மிச்சம் பிடித்ததைக் கட்டியபின் என்னிடம் வந்தார். “பேங்குல இருந்துதான் பேசுதோம்னு சொன்னாவ, மக்களே. பேப்பர்ல வந்த நம்பர்லா?” என்றார். அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

2021 ஆகஸ்ட் 4 அன்று ரிசர்வ் வங்கி வெளிப்படையாக எச்சரித்தது: பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் எந்த வேலையிலும் வங்கி ஈடுபடவில்லை, அதற்கென்று கட்டணமோ தரகோ வாங்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை, தன் பெயரையும் சின்னத்தையும் காட்டி ஏமாற்றுகிறார்கள். இந்த அறிவிப்பு நாளிதழ்களிலும் வந்தது. அதன்பிறகும் சரிபார்க்காத ஒரு எண்ணை அச்சில் கொடுத்தது மன்னிக்கக்கூடிய பிழை அல்ல. எண்ணைக் கொடுத்தவர் மோசடிக்காரர் என்று தனக்குத் தெரியாது என்று அவர் சொல்லலாம். தெரியாத ஒருவருக்குத் தன் நற்பெயரைக் கடனாகக் கொடுத்தது ஏன் என்பதுதான் என் கேள்வி. ஊரில் அந்தப் பெயருக்கு இருந்த நம்பிக்கையை நம்பித்தான் ஒரு கிழவி பணம் கட்டினார்.

அவர் செய்ய வேண்டியது எளிது. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், எஃகு சென்ட்டின் உண்மை விலையை எழுதட்டும். 1116 எந்த வருடம் என்று எழுதட்டும். புளி போட வேண்டாம் என்று எழுதட்டும். கைபேசி எண்ணை வாபஸ் வாங்கட்டும். ஆசிரியரும் இந்த நான்கையும் கேட்டுப் பெறாமல் அவருடைய அடுத்த கட்டுரையை அச்சுக்கு அனுப்பக் கூடாது.

அந்த எண்ணுக்குப் பணம் அனுப்பியவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம். இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். பணம் போன கணக்கு எண், தேதி, உரையாடலின் படம் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் புகார் போனால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. காசு டப்பாவை யாருக்கும் கூரியரில் அனுப்பாதீர்கள்.